பரீட்சைக்குப் போன அம்மா

என் அம்மா மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். ஆனாலும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவளைப் போல அடிக்கடி பரீட்சைக்குப் போய் வந்தவர்கள் கிடையாது. அதுவும் டொக்டர் பரீட்சை.

எனக்குத்தான் போன் வரும். கஹவத்தை பஜாரில் ஒரு போன் கடையில் வேலை பார்க்கிறேன். கண்ணாடி உடைந்த போனோடு ஒருவர், ரீலோட் போட ஒருவர் என்று ஆட்கள் முண்டிக்கொண்டு நிற்கும் நேரத்தில்தான் இரத்தினபுரி பெரியாஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள். பரீட்சை வருகிறது, அம்மாவை அனுப்பி வைக்க முடியுமா என்று சிங்களத்தில் மரியாதையாகக் கேட்பார்கள். முடியாது என்று சொல்லத்தான் ஒவ்வொரு முறையும் வாயெடுப்பேன். சரி என்றுதான் வரும். போன் வந்ததை மறைத்தேன் என்று தெரிந்தால் அம்மா என்னோடு ஒரு வாரத்துக்குப் பேசமாட்டாள். அவள் பேசாமல் இருப்பதைத் தாங்குவதைவிட இரத்தினபுரிக்கு பஸ் ஏறுவது சுலபம்.

பல்கலைக்கழகத்து மருத்துவ பீடம் வந்த பிறகு பெரியாஸ்பத்திரி போதனா வைத்தியசாலை ஆகிவிட்டது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கக் கேள்வித்தாள் மட்டும் போதாது, நோயாளியும் வேண்டும். நெஞ்சுக் கோளாறு உள்ளவர், ஈரல் வீங்கியவர், கைகால் இழுத்துக்கொண்டவர் என்று ஆட்களைக் கூப்பிட்டு வரிசையாகக் கட்டிலில் படுக்க வைப்பார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தொட்டு, தட்டி, குழாய் வைத்துக் கேட்டு, இன்ன வருத்தம், இன்ன நோய் என்று சொல்ல வேண்டும். நோயாளி வாய் தவறியும் வருத்தத்தின் பேரைச் சொல்லிவிடக் கூடாது. அந்த விஷயத்தில் அம்மா படு சுத்தம். வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டால்கூட லயத்து வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் கேட்கும்படி பதில் சொல்பவள், அந்தக் கட்டிலில் ஏறிவிட்டால் ஊமை.

அம்மாவின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருந்தது. சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சல் பார்த்த வேலை என்றார்கள். அந்த இடுக்கு வழியாக இரத்தம் போகும்போது ஓர் உறுமல் கேட்குமாம். இடப் பக்கம் சரிந்து படுத்து, மூச்சை வெளியே விட்டு, அப்படியே நிறுத்திக்கொண்டால் நன்றாகக் கேட்குமாம். மிக அழகான சத்தம், புத்தகத்தில் இருப்பது போலவே இருக்கிறது என்று பெரிய டொக்டரே சொன்னார். ஐம்பதைத் தாண்டிய, கண்ணாடி போட்ட பெண்மணி அவர். அம்மா அவரை நோனா என்றுதான் கூப்பிடுவாள். உயிரைக் குடிக்கிற சத்தத்தில் என்ன அழகு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவோ, பக்கத்துக் கட்டில்காரி கேட்டாளா என்று திரும்பிப் பார்த்தாள்.

போன் வந்த அன்றே வீடு தலைகீழாகிவிடும். பரீட்சைக்கென்றே அம்மா பஜாரில் ஒரு ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தாள். முன்பக்கம் கொக்கி, இடப் பக்கம் கொஞ்சம் தாராளம். குழாயை வைக்கப் பிள்ளைகள் தடுமாறக் கூடாதாம். எதற்கு இப்படி ஒரு தையல் என்று கேட்ட தையல்காரப் பெண்ணிடம், ஆஸ்பத்திரி வேலைக்கு என்று சொல்லியிருக்கிறாள். முதல் நாளே தலைக்குக் குளிப்பாள். கண்ணாடி வளையல்களைக் கழற்றி வைப்பாள், சத்தத்தோடு சத்தம் சேர்ந்துவிடக் கூடாது என்று. தாலிக்கொடியை முதுகுப் பக்கம் தள்ளி விட்டுக்கொள்வாள். முன்பு ஒருமுறை குழாயில் தாலி உரசியதைப் புது மாதிரியான நெஞ்சுச் சத்தம் என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டதாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்தால் அவளுக்கு இளைக்கும். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அந்த இளைப்பில்தான் எல்லாம் தொடங்கியது. அம்மா கொழுந்து பறித்தவள். மேட்டு மலையில் ஏறும்போது மற்றவர்கள் முன்னே போய்விடுவார்கள். இவள் கூடையோடு பாதி வழியில் நின்று, செருப்பில் கல் புகுந்துவிட்டது போலக் குனிந்து பாசாங்கு பண்ணுவாளாம். கங்காணி அவளைக் கீழ் மலைக்கு மாற்றினார். பிறகு புல் வெட்டப் போட்டார். பிறகு ஒரு நாள் காலைப் பிரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, எல்லோரையும் கூப்பிட்டு வேலை பிரித்தவர், அம்மாவைக் கூப்பிடவே இல்லை. கூட்டம் கலைந்த பிறகும் அம்மா அங்கேயே நின்றிருக்கிறாள். கணக்கப்பிள்ளையிடம் கேட்டதற்கு, பேரை வெட்டியாகிவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நல்லபடியாகத்தான் சொன்னாராம். வீட்டுக்கு வந்து கூடையைக் கூரைக் கம்பில் தொங்கப் போட்டாள். அதைப் பற்றி எங்களிடம் அதிகம் பேசவில்லை. அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். நான் பஜாருக்குப் போய்விடுவேன். பகலெல்லாம் அந்த ஒற்றை அறையில் அம்மாவும் கூடையும்தான்.

பெரியாஸ்பத்திரியில் முதல் தடவை அவளை வாட்டில் சேர்த்தபோது நான் பயந்து செத்தேன். எனக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளாது. கடையிலேயே முதலாளி, உனக்குக் காலில் சக்கரமா என்று கேட்பார். ஆஸ்பத்திரியில் கேட்கவே வேண்டாம். பார்வை நேரம் தொடங்கும் முன்பே கேட்டில் நிற்பேன். உள்ளே விட்டதும் ஓடுவேன். அம்மாவைப் பார்த்ததும் வெளியே போக வேண்டும் போலிருக்கும். வெளியே வந்தால் திரும்ப உள்ளே போகத் தோன்றும். செக்குரிட்டிக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, தங்கச்சி எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று சிங்களத்தில் விசாரித்தார்.

அம்மா அதற்கு நேர்மாறு. வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் அவள் கட்டிலைச் சுற்றி நிற்க, கல்யாண வீட்டில் நடுவில் உட்கார்ந்தவள் போல இருந்தாள். காலையில் ஒரு கூட்டம், பத்து மணித் தேத்தண்ணிக்குப் பிறகு ஒரு கூட்டம். அம்மே, கொஞ்சம் திரும்புங்க. அம்மே, மூச்சை விடுங்க. அம்மே, கையைக் காட்டுங்க. எல்லாவற்றுக்கும் திரும்பினாள், விட்டாள், காட்டினாள். இத்தனை டொக்டர்மார் பார்க்கிறார்கள் என்றால் வருத்தம் முற்றிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். இவர்கள் படிக்கிற பிள்ளைகள் என்று ஒரு நர்ஸ் மிஸ் விளக்கிய பிறகுதான் போன உயிர் வந்தது. அம்மாவுக்கு அந்த வித்தியாசம் முன்பே தெரிந்திருந்தது. கட்டை விரலைக் கடித்துக்கொண்டு யோசிக்கிற டொக்டரை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா என்று என்னையே கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் பரீட்சைகள். ஓராண்டுக்கு மேல் ஓடியது. மாத்திரையில் சமாளித்துக்கொண்டிருந்த இதயம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. ஒரு கிளினிக் நாளில் பெரிய டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார், இரத்தினபுரித் தெருவில் மாணிக்கக் கல் வியாபாரிகள் கல்லைப் பார்ப்பது போல. பிறகு என்னை உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே கேட்டேன். வால்வு முழுவதும் இறுகிவிட்டது. இனி மாத்திரை போதாது. கொழும்பில் நெஞ்சைத் திறந்து புது வால்வு வைக்க வேண்டும். இடம் கேட்டு எழுதியிருக்கிறார், விரைவில் கிடைக்கும். தள்ளிப் போட்டால் நுரையீரலில் நீர் கட்டும், ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர நேரம் இருக்காது.

நான் தமிழில் சொல்லத் தொடங்குவதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். அவளுக்கும் சிங்களம் ஓடும், கரடுமுரடாக.

"விபாகே இவர வெலா, நோனா" என்றாள்.

பரீட்சை முடிந்த பிறகு என்று அர்த்தம். பெரிய டொக்டர் முதலில் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை என்றதும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பரீட்சைக்கு வேறு ஆட்கள் கிடைப்பார்கள், உயிர் முக்கியம் என்று நிதானமாகச் சொன்னார். அவர் சொன்னதிலேயே தப்பான வார்த்தை அதுதான் என்பது எனக்கு அப்போது தெரியாது. வேறு ஆட்கள் கிடைப்பார்கள் என்றதும் அம்மாவின் முகம் கல்லாகிவிட்டது.

அந்தப் பரீட்சை முடிந்தது. அடுத்த பாட்சுக்குப் பரீட்சை வந்தது. கொழும்பிலிருந்து கிடைத்த இடம் கை நழுவிப் போனது. வீட்டில் ஒவ்வொரு நாளும் சண்டை. அப்பாவை போனில் பேச வைத்தேன். அவர், உங்கம்மா சொன்னா சொன்னதுதான் என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். கோயிலுக்குக் கூட்டிப்போய் ஐயரைச் சொல்ல வைத்தேன். அவரிடம் தலையாட்டிவிட்டு வந்தாள். பயமா என்று கேட்டேன். ஒப்பரேஷன் பயம் என்றால் சொல்லித் தேற்றலாமே. பயமில்லை என்றாள். உண்மையிலேயே பயமில்லாதவள்தான் அவள், பாம்பு வந்தால்கூடத் துடைப்பத்தைத்தான் எடுப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை. வெளியே போக முடியாமல் நான் அறைக்குள்ளேயே சுவருக்குச் சுவர் நடந்துகொண்டிருந்தேன். அம்மா தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்போதெல்லாம் படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டும். ஏன்தான் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாய் என்று கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப் போன கேள்வியை மறுபடியும் கேட்டேன்.

"நெஞ்ச சரி பண்ணிட்டா அந்தச் சத்தம் போயிரும்ல பாப்பா" என்றாள். "அப்புறம் என்னைய எதுக்குக் கூப்புடப் போறாங்க?"

நான் நடப்பதை நிறுத்தினேன்.

"மலையில எம்பேர வெட்டுனப்ப ஏன்னு ஒருத்தரும் கேக்கல. நீயும் கேக்கல. அங்க அந்தப் புள்ளைங்க நான் வந்துட்டேனான்னு பாக்குறாங்க. நானா போய் எம்பேர வெட்டிக்கணுமா?"

கோபம்தான் வந்தது. ஆஸ்பத்திரி என்பது வருத்தக்காரர்கள் குணமாகப் போகிற இடம், உன்னை அங்கே யாரும் வேலைக்கு எடுக்கவில்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்த ரவிக்கை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, கொக்கிகள் எல்லாம் ஒழுங்காக மாட்டியபடி. பேசாமல் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நனைந்துவிட்டு வந்தேன்.

அடுத்த பரீட்சைக்கு அவளைக் கூட்டிப்போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனே வரவில்லை. பெரிய டொக்டர் அம்மாவின் பேரை இந்த முறை சேர்க்கவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அம்மா விடுவாளா? கிளினிக்கில் யாரோ ஒரு மிஸ்ஸிடம் பரீட்சை எப்போது என்று கேட்டு வைத்திருந்தாள். அன்று காலையில் எழுந்து பார்த்தால் ரவிக்கை போட்டு, வளையலைக் கழற்றி, தயாராக நிற்கிறாள். தனியே விட்டால் தனியே போவாள். பெல்மதுளை வழியாக பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் நான் அவளோடு பேசவில்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, மூச்சுக்கு மூச்சு தோள் ஏறி இறங்க, சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெரிய டொக்டர் அவளைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். வந்தவளை உட்கார வைத்துவிட்டு, இரண்டு பிள்ளைகள் மட்டும் பார்க்கட்டும், பிறகு வாட்டில் சேர்த்துவிடுவோம் என்றார். நான் நடைபாதையில் நின்றேன். நின்றேன் என்றால் நடந்தேன். அந்தக் கோடியிலிருந்த தண்ணீர்க் குழாய்க்கும் இந்தக் கோடியிலிருந்த மருந்து வண்டிக்கும் இடையில் நடந்தேன்.

உள்ளே என்ன நடந்தது என்பதைப் பிறகு மிஸ் சொன்னார். முதல் பிள்ளை பார்த்து முடித்தபோதே அம்மாவின் உதடு கறுத்திருக்கிறது. கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, ஹொந்தய் என்றிருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று. எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். மலையில் கூடை நிறைந்து, கொழுந்து நிறுக்கிற வரைக்கும் முடியவில்லை என்ற வார்த்தை வாயிலிருந்து வரக் கூடாது. வந்தால் மறுநாள் பிரட்டில் கடைசியில்தான் நிற்க வேண்டும். அந்தப் பழக்கம் அம்மாவோடு ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் ஏறி வந்துவிட்டது. இரண்டாவது பிள்ளை, ஒற்றைச் சடை போட்ட பெண், மூச்சை விட்டு நிறுத்தச் சொன்னாள். அம்மா நிறுத்தினாள். அந்தப் பிள்ளைக்குச் சத்தம் பிடிபடவில்லை. பாவம் என்று இன்னும் கொஞ்சம் நிறுத்திப் பிடித்திருக்கிறாள்.

கதவு திறந்து ஓட்டமும் நடையுமாக ஆட்கள் போனதைத்தான் நான் பார்த்தேன். ஒக்சிசன் உருளை ஒன்று கடகடவென்று உள்ளே போனது. நானும் ஓடினேன், யாரும் தடுக்கவில்லை. அம்மா உட்கார்ந்தபடி நீரில் மூழ்குகிறவள் போல வாயைத் திறந்து திறந்து மூடினாள். வாயோரத்தில் நுரை. ஒற்றைச் சடைக்காரப் பெண் கட்டிலில் ஏறி அம்மாவின் முதுகைத் தன் நெஞ்சில் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை எல்லாம் எங்கோ போயிருந்தது. அவ்வளவு காலமும் பெரிய டொக்டர் வாயால் மட்டும் சொல்லிவந்த அந்த ஒரு நாள் இதுதான் என்று தெரிந்துவிட்டது.

ஊசி போட்டு, நீர் இறங்கி, பேச்சு வர மத்தியானம் ஆகிவிட்டது. முகமூடியைக் கொஞ்சம் தள்ளிவிட்டு அம்மா கேட்ட முதல் கேள்வி இது.

"அந்தப் புள்ளைக்கி மார்க் போட்டாங்களா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வாட்டென்றும் பார்க்காமல் திட்டித் தீர்த்தேன். செத்துப்போனால் எந்தப் பரீட்சைக்குப் போவாய், நான் யாரிடம் போய் அம்மா என்று சொல்வேன் என்று என்னென்னவோ கேட்டேன். பக்கத்துக் கட்டில்களுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்திருக்கும். மிஸ் வந்து என் தோளைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் பெரிய டொக்டர் வந்தார். நின்றுகொண்டு பேசவில்லை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அம்மாவின் மனதில் இருப்பது இன்னது என்று நான் அதற்குள் அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் இந்த முறை உயிர், ஆபத்து என்றெல்லாம் சொல்லவில்லை. கொழும்பில் வைக்கப் போவது உலோக வால்வு, அதற்கும் ஒரு சத்தம் உண்டு, அதையும் எங்கள் பிள்ளைகள் படிக்கத்தானே வேண்டும் என்றார். போய் வைத்துக்கொண்டு வாங்க அம்மே, நான் கூப்பிடுகிறேன் என்றார்.

அம்மா கண்ணைத் திறந்தாள். "நெசமா கூப்புடுவாங்களான்னு கேளு பாப்பா."

கேட்டேன். கட்டாயம் என்றார் அவர்.

"அப்ப சரி" என்றாள் அம்மா.

இவ்வளவுதான். நானும் அப்பாவும் மாதக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தியதற்கு அசையாதவள், அந்த ஒரு வார்த்தைக்கு இறங்கி வந்தாள். எனக்காக இல்லை, அப்பாவுக்காக இல்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அந்த டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கொழும்பில் ஒப்பரேஷன் நடந்த அன்று அப்பா ஆஸ்பத்திரி வாசலில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் வெளித் தெருவில் நடந்தேன். அந்தத் தெருவில் எத்தனை மருந்துக் கடை, எந்தக் கடையில் என்ன போஸ்டர் என்று எனக்கு இன்றும் மனப்பாடம். முடிந்துவிட்டது, நன்றாக இருக்கிறார் என்று போன் வந்தபோது நான் ஒரு பழக்கடை முன்னால் நின்றிருந்தேன். வேண்டுமா வேண்டாமா என்று கடைக்காரர் கேட்டார். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு ஓடினேன்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் அம்மாவைப் பாயில் உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்தினேன். அறைக்குள் டிக் டிக் என்று கேட்டது. எங்கள் வீட்டில் மணிக்கூடு கிடையாது. நான் சுற்றிப் பார்த்ததைக் கண்டு அம்மா நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். துணிக்குள் சுற்றி வைத்த மணிக்கூடு போல உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் குழாய் வைத்து, மூச்சைப் பிடித்து, தேடித் தேடிக் கேட்ட சத்தம். இப்போது பக்கத்தில் உட்கார்ந்தாலே கேட்டது. அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. லயத்துப் பெண்கள் எல்லோரும் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தி, இது எத்தனை வருசத்துக்கு ஓடும், பற்றரி மாற்ற வேண்டுமா என்று கேட்டாள்.

எனக்கு அந்தச் சத்தம் வேறு விதமாக வந்து சேர்ந்தது. காது எப்போதும் அதையே தேடியது. சோறு ஆக்கும்போது தேடியது, முடி வாரும்போது தேடியது. தகரக் கூரையில் மழை விழும்போது எதுவும் கேட்காது. ஏதோ எடுக்கப் போவது போல அவள் பக்கத்தில் போய் நிற்பேன். டிக் என்று கேட்டதும்தான் திரும்பி வருவேன். அம்மா மலை ஏற ஆரம்பித்தாள், சிரித்தாலும் இளைக்கவில்லை. ஆனால் நான் முன்பைவிட மோசமாகிவிட்டேன். முன்பு அவள் மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்தவள், இப்போது இந்த டிக் நின்றுவிடுமோ என்று பயந்தேன்.

பரீட்சைக் காலம் வந்தது. அம்மா தினமும் மாலையில் நான் வந்ததும் வராததுமாக என் போனைப் பார்ப்பாள், என்னைப் பார்க்கமாட்டாள். இன்னும் இல்லை என்று நானே சொல்லிவிடுவேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் வாட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். பெரிய டொக்டர் மாற்றலாகி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டாராம். பரீட்சை போன வாரமே முடிந்துவிட்டதாம். யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் போனை வைத்துவிட்டுக் கடையில் ஒருவரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். அம்மாவிடம் சொன்னபோது, "நோனா நல்லா இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். அவளுடைய கொழுந்துக் கூடையில் இப்போது பழைய துணி போட்டு வைத்திருக்கிறோம். அன்றைக்கு அந்தத் துணிகளை எல்லாம் வெளியே எடுத்து உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

இந்த வால்வு வைத்தவர்களுக்கு இரத்தம் உறையாமல் மாத்திரை வேண்டும், மாதா மாதம் இரத்தம் சோதிக்க வேண்டும். அடுத்த கிளினிக்குக்கு அம்மா அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டாள். நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன். புதிய டொக்டர் நல்ல மனிதர். வெளியே பெரிய வரிசை. சோதனை முடிவைப் பார்த்தார், மாத்திரையைப் பாதி கூட்டினார், கீரையைத் திடீரென்று அளவுக்கு மீறிச் சாப்பிட வேண்டாம் என்றார், அடுத்தவரைக் கூப்பிட்டார்.

"கொழா வச்சே பாக்கல" என்றாள் அம்மா வெளியே வந்து.

மாத்திரை வாங்கியாகிவிட்டது. பெல்மதுளை பஸ்ஸைப் பிடித்தால் கடைக்கு அரை நாளாவது போகலாம். வா வா என்று நான் முன்னே நடந்தேன். எதிரே நடைபாதையில் வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்தார்கள். கோட்டு மடிப்புக்கூடக் கலையாத புதுப் பிள்ளைகள். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. அந்தக் கூட்டத்தின் நடுவில் நிற்கிறாள். தாலிக்கொடியை முதுகுப் பக்கம் தள்ளி விட்டாயிற்று. ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி தமிழும் பாதி சிங்களமுமாக என்னவோ சொல்கிறாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள்.

எனக்கு அவமானமாக இருந்தது. ஓடிப்போய் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா அசையவில்லை. அந்தப் பெண் என்னிடம், அம்மாவுக்கு என்ன செய்கிறது, யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்டாள். அவள் கேட்ட விதத்தில் அக்கறை இருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். என் வாயையே பார்த்தாள். பிரட்டு கலைந்த பிறகும் நின்ற அன்று அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

முழங்கையை விட்டேன்.

"ஒன்றும் செய்யவில்லை" என்று சிங்களத்தில் சொன்னேன். "அம்மா பரீட்சைக்கு வந்திருக்கிறார்."

அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, சட்டைப் பையிலிருந்து குழாயை எடுத்தாள். அம்மா சுவரோர வாங்கில் உட்கார்ந்து, மேல் கொக்கி இரண்டைக் கழற்றினாள். நெஞ்சின் நடுவில் அந்த நீளத் தழும்பு தெரிந்தது. பழைய பழக்கம் போகவில்லை, மூச்சை வெளியே விட்டு உதட்டை இறுக மூடிக்கொண்டாள். பெண் குனிந்தாள். குழாயை இன்னும் காதில் மாட்டவில்லை, அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குக் கேட்டுவிட்டது. பின்னால் நின்றவர்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தார்கள். யாரோ பேச்சை நிறுத்தச் சொன்னார்கள். அவ்வளவு சனம் போய் வரும் நடைபாதையில் என் அம்மாவின் நெஞ்சு டிக் டிக் என்றது.

பிறகு அவர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் முடித்ததும் அடுத்தவர். எங்கள் பஸ் போயிருக்கும். நான் வாங்கின் மறு முனையில் உட்கார்ந்தேன். கடைசியாக ஒரு பிள்ளை அவசர அவசரமாக வைத்துவிட்டு எடுக்கப் பார்த்தான். அம்மா அவன் கையைப் பிடித்து மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

"மெதுவா கேளுங்க தம்பி" என்றாள். "இது நிக்காது."

அவன் என்னைப் பார்த்தான், அம்மா என்ன சொல்கிறார் என்று. அதைச் சிங்களத்தில் சொன்னேன், நிற்காது என்பதை மட்டும் இரண்டு முறை.